அப்பாவின் வண்டி நம்பர்

என் அண்ணன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். குடிக்க மாட்டான், அம்மாவுக்கு வாரம் தவறாமல் ஃபோன் செய்வான், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒரு வருஷம்கூட வராமல் இருந்ததில்லை. அப்படிப்பட்ட நல்லவன் எட்டு மாதம் மெனக்கெட்டு என்னை ஏமாற்றியிருக்கிறான். கெட்டவன் ஒருத்தன் ஏமாற்றியிருந்தால் இரண்டு நாள் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன்.

விஷயம் ஒரு பழைய ஸ்டேஷன் வேகன். இங்கிலாந்தில் செய்தது. முன்பாதி சாதாரண கார். பின்பாதியில் வெளியே தெரிகிற மாதிரி மரச்சட்டம் போட்டு, அதில் கண்ணாடி பதித்து, கடைசியில் அலமாரிக் கதவைப் போல இரண்டு கதவுகள் வைத்திருப்பார்கள். எங்கள் அப்பா இந்தத் தேயிலைத் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவராக இருந்தவர். துரை வேலையை விட்டு ஊருக்குப் போனபோது வண்டியை அப்பா பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் கொடுத்தார் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். துரை சம்சாரத்தின் நாய்க்குட்டியை அப்பா ஆற்றில் குதித்துத் தூக்கிவந்தார் என்பது ஒன்று. எனக்குத் தெரிந்து, அதை விலைக்குக் கேட்டு யாரும் வரவில்லை என்பதுதான் காரணம்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் எங்கள் லயத்துக்கு ஆம்புலன்ஸ். பிரசவ வலி, பாம்புக்கடி, கொளுந்து வெட்டும் மிஷினில் விரல் போனது என்று எல்லாரையும் அப்பா பின்னால் பாய் விரித்துப் படுக்கவைத்துத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். வண்டியின் நம்பர் இரண்டே இலக்கம், எழுபத்தொன்று. முந்தைய துரையின் காரில் இருந்த நம்பரை இதற்கு மாற்றிக்கொண்டதாக அப்பா சொல்வார். லயத்தில் யாரும் அதைக் கார் என்றோ காடி என்றோ சொன்னதில்லை. எழுபத்தொண்ணக் கூப்பிடு, எழுபத்தொண்ணு வந்துருச்சா என்றுதான் பேச்சு.

ஒருநாள் பிரேக் போயிற்று. சாமான் கிடைக்கவில்லை. அப்பா லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று போட்டு வண்டியை அதற்குள் தள்ளி நிறுத்தினார். அடுத்த மாதம் பார்க்கலாம், தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்று வருஷங்கள் போயின. எங்கள் மலையில் செருப்பை இரண்டு நாள் வெளியே விட்டால் அதில் பூஞ்சை பிடிக்கும். மரச்சட்டம் போட்ட வண்டி என்ன ஆகும்? கதவு ஓரமெல்லாம் பாசி. பின்சக்கரத்துக்கு மேலே மழைக்காலத்தில் காளான் முளைத்தது. நல்ல வெள்ளைக் காளான். அம்மா அதைப் பறித்துக் குழம்பு வைக்கலாமா என்று கேட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தது, துடைத்தது எல்லாம் நான்தான். அப்போது ஒருநாள், எழுபத்தொண்ணு ஒனக்குத்தாம்மா, நீ வச்சுக்கோ என்றார். பக்கத்தில் அம்மா இருந்தாள். எழுத்தில் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் உயில் எழுதுகிற அளவுக்கு யாரும் எதுவும் சேர்த்ததில்லை.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமாகி, அது முறிந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. தோட்டத்தின் தேயிலைக் கடையில், சுற்றுப்பயணிகள் வந்து படம் பிடித்துக்கொள்ளும் மேட்டில், கவுண்டரில் நிற்கிறேன். இந்த லயத்து வீடு என் வேலைக்காகத் தோட்டம் கொடுத்தது. அறுபது வயதில் வேலை போகும், கூடவே வீடும் போகும். அதற்கு இன்னும் ஏழு வருஷம்தான். அதற்குள் கையில் சொந்தமாக ஒரு பிழைப்பு இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. கவுண்டரில் நின்று பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. வருகிற கூட்டம் பழசாக எதைக் கண்டாலும் அதன் முன்னால் நின்று பல்லைக் காட்டுகிறது. தோட்டத்து வாசலில் கிடக்கும் உடைந்த கை வண்டியோடுகூடப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எழுபத்தொன்றைச் சரிசெய்து, சனி ஞாயிறுகளில் ரோட்டோரம் நிறுத்தி, பின்கதவு இரண்டையும் விரியத் திறந்தால் அதுவே கடை. உள்ளே அடுப்பு, வடை, சுண்டல், இழுத்து ஆற்றும் தே தாரேக். மற்ற நாளில் அம்மாவைச் சர்க்கரைக்குக் காட்டத் தானா ராத்தாவுக்குக் கூட்டிப்போகலாம். லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. அப்பாதான் எடுக்கவைத்தார். ஓட்ட வண்டிதான் இல்லை.

போன வருஷம் புது மேனேஜர் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். லயத்துக்குப் பின்னால் சுற்றுப்பயணிகள் தங்க மரவீடுகள் கட்டப்போகிறார்களாம், கொட்டகையை ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம். அன்றைக்கே அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். அண்ணன் ஈப்போவில் இருக்கிறான். வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ், ரோட் டெக்ஸ் எடுத்துக் கொடுக்கும் கடையில் இருபது வருஷமாக வேலை. வண்டிக் காகிதம் என்றால் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவன் சிரிப்பான், இரும்புக் கடைக்குப் போடு என்பான் என்று நினைத்துத்தான் பேசினேன். அவனோ, நாம செய்வோம்மா, செலவு என் பொறுப்பு, நீ கவலப்படாத என்றான். ஃபோனை வைத்துவிட்டு நான் அழுதேன். இப்போது அந்த அழுகையை நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

அந்த வாரமே திரிங்காப்பிலிருந்து பூத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு சீன முதலாளி, தவுக்கே, வந்தார். கொட்டகை இடிக்கப்போகிற சேதி அவர் காதுக்கு எப்படிப் போயிற்றோ தெரியாது. சுற்றி வளைக்காமல் கேட்டார். வண்டி வேண்டாம், நம்பர் மட்டும் வேண்டும், இரண்டு இலக்கம் இப்போது எங்கேயும் கிடைக்காது, வண்டியை நீயே வைத்துக்கொள், வேறு நம்பர் போட்டு நானே ரோட்டில் ஓடுகிற மாதிரி செய்து தருகிறேன் என்றார். அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அண்ணன் ஃபோனில் கொதித்துவிட்டான். இந்த ஆளுங்களுக்கெல்லாம் நம்பர்தான் வேணும், ஒங்கப்பன் பேர வித்துருவியான்னு கேளு என்றான். நான் அப்படியே போய்ச் சொன்னேன், நல்ல மலாயில், மூக்கை உயர்த்திக்கொண்டு. தவுக்கே தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். என்னிடம் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் நான் விரட்டினேன்.

பிறகு திட்டம் போட ஆரம்பித்தோம். நான் கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மாலையானதும் அண்ணன் வாட்ஸ்ஆப்பில் வருவான். நான் ஃபோனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய் ஒவ்வொன்றாகக் காட்டுவேன். எது அப்படியே வைக்கலாம், எது மாற்ற வேண்டும், எதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று தனித்தனிப் பக்கம் எழுதினேன். ரிங்லெட்டில் சவப்பெட்டி செய்யும் ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்து மரச்சட்டத்தைக் காட்டினேன். அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அழுத்திப் பார்த்தார். பென்சில் பாதிவரை உள்ளே போயிற்று. செங்கால் மரம் போட்டால் நூறு வருஷம் இருக்கும், ஆனால் உள்ளே படுக்க ஆள் காத்துக்கிடக்காத பெட்டி செய்வது எனக்கு இதுதான் முதல் தடவை என்றார். அவர் சொன்ன அளவையெல்லாம் எழுதிக்கொண்டேன்.

பெயிண்டுக்கு மட்டும் சண்டை வந்தது. இருபது காசு நாணயத்தால் கதவின் அடிப்பக்கம் சுரண்டிப் பார்த்தேன். அப்பா அடித்த பச்சைக்குக் கீழே ஒரு நீலம், அதற்கும் கீழே புகை மாதிரி சாம்பல் நிறம். அதுதான் பிறந்த நிறம், அதையே அடிப்போம் என்றேன். அண்ணன் கரும்பச்சை என்றான். சரி, ஒன் இஷ்டம் என்று அடுத்த நிமிஷமே விட்டுக்கொடுத்தும் விட்டான். என் அண்ணன் சின்ன வயதில் பட்டத்துக்கு வால் எந்த நிறம் என்பதற்கே இரண்டு நாள் பேசாமல் இருந்தவன். உண்மையாகப் பெயிண்ட் அடிக்கப்போகிறவன் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பானா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பாசம் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் தோன்றவில்லை. வண்டி கொட்டகையில் இருந்தவரைக்கும் ஒரு தடவைகூட அவன் பானட்டைத் திறந்து என்ஜினைக் காட்டச் சொன்னதில்லை. கேட்டதெல்லாம் வேறு. வண்டி அப்பா பெயரில் பதிவான பழைய கிராண்ட் அட்டை எங்கே, பத்திரமாக இருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா? முன்னாலும் பின்னாலும் நம்பர் பலகை இருக்கிறதா? சேசிஸ் நம்பர் தெளிவாகத் தெரிகிறதா? சாமான் வாங்க வேண்டும் என்றால் சேசிஸ் நம்பரைத்தான் முதலில் கேட்பார்கள் என்றான். அது உண்மையும்கூட. அந்த நம்பர் ஒரு தகட்டில் துருவுக்கு அடியில் கிடந்தது. நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு எழுத்தாக வெளியே கொண்டுவந்தேன். கடைசி இரண்டு எழுத்துக்குத் தையல் ஊசி தேவைப்பட்டது. மேலே வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுத்து அனுப்பினேன். கெட்டிக்காரிடி நீ என்று பதில் வந்தது. அந்த வார்த்தையை நான் இரண்டு நாள் மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

கையெழுத்து கடைசியில் வந்தது. செத்தவர் பெயரில் இருக்கும் வண்டியைப் பிள்ளைகளில் ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் மற்றவர்கள் எல்லாரும் அதிகாரி முன்னால் வந்து எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஈப்போ பட்டறையிலும் பரிசோதனை நிலையத்திலும் சொந்தக்காரர் நேரில் நிற்க வேண்டியிருக்கும், நீ எத்தனை தடவை லீவு போட்டு மலை இறங்குவாய், முதலில் என் பெயரில் இருக்கட்டும், வேலை முடிந்ததும் உன் பெயருக்கு மாற்றிவிடுகிறேன் என்றான். நியாயமாகத்தான் இருந்தது. அண்ணன், அம்மா, நான் மூவரும் அலுவலகத்துக்குப் போனோம். அம்மா முதலில் கையெழுத்துப் போட்டாள், மளமளவென்று, யாரும் இடத்தைக் காட்டாமலே. என் முறை வந்தபோது கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, உங்கள் பங்கு முழுவதையும் விட்டுக்கொடுக்கிறீர்கள், புரிகிறதா என்று கேட்டாள். புரிகிறது என்றேன். மறுபடியும் கேட்டாள். நான் சிரித்துக்கொண்டு, அபாங் சாயா, புவான் என்றேன். என் அண்ணன்தானே, மேடம் என்று.

பிறகு உன் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்று ஒரு வரி எழுதித் தா அண்ணே என்று நான் கேட்டிருக்கலாம். மலாய் எனக்கு நன்றாக எழுத வரும், நானே எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கியிருக்கலாம். எங்கள் பக்கம் கூடப்பிறந்தவனிடம் எழுதி வாங்கிய பெண் யாரையும் நான் பார்த்ததில்லை. கேட்டால் அவள் சண்டைக்காரி. கேட்காதவரைக்கும் நல்ல தங்கச்சி. நான் நல்ல தங்கச்சியாக இருந்துவிட்டுப் போனேன்.

வண்டியை ஏற்றிப்போக இழுவை லோரி வந்த அன்று லயமே வெளியே வந்து நின்றது. பக்கத்து வீட்டு வங்காளதேசத்துப் பையன்கள் நாலு பேர் சேற்றிலிருந்து தள்ளிக் கொடுத்தார்கள். நான் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தேன். லோரிமேல் ஏறி நின்ற எழுபத்தொன்றுக்குச் சாமந்தி மாலை போட்டேன். முகத்தில் விளக்கு ஒன்று இல்லாமல், கல்யாண வீட்டுக்கு வந்த கிழவர் மாதிரி இருந்தது. லோரி வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் கொட்டகையை இடித்தார்கள். அதற்காக எனக்கு வருத்தமே இல்லை.

பிறகு படங்கள் வரத் தொடங்கின. மரச்சட்டம் கழற்றிய படம், சீட் கழற்றிய படம், என்ஜினைத் தனியே எடுத்து வைத்த படம். கடைக்கு வருகிற கூட்டாளிகளிடமெல்லாம் காட்டினேன். ஒரு படத்தில் ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது. நம் நாட்டில் எந்த வண்டிக்கு இடது பக்கம் ஸ்டீயரிங்? பார்த்தேன், ஒரு நிமிஷம் யோசித்தேன். முகத்தைப் படம் எடுத்தால் ஃபோன் சில சமயம் இடம் வலமாகத் திருப்பிவிடுகிறதே, அதுபோல இருக்கும் என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். அவன் சொல்ல வேண்டிய பொய்யைக்கூட நானே செய்து கொடுத்திருக்கிறேன்.

திருவிழா வந்தது. எங்கள் லயத்தில் இப்போது தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். திருவிழாவுக்கு மட்டும் வெளியே போனவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். அண்ணன் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தான். எழுபத்தொன்றைக் கொண்டுவந்து எனக்கு அதிர்ச்சி கொடுக்கத்தான் போகிறான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பரபரப்பு. அப்படித்தான் நம்பினேன், ஒளிக்க என்ன இருக்கிறது. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். கீழே வளைவில் யாரோ, எழுபத்தொண்ணு வருது என்று குரல் கொடுத்தார்கள். ஓடினேன்.

வந்தது ஒரு புதுக் கார். கறுப்பு, உயரமாக, கண்ணாடியெல்லாம் இருட்டாக. முன்னால் பளபளவென்று புதுப் பலகையில் எங்கள் நம்பர். சனம் சூழ்ந்துகொண்டது. அப்பாவோடு வேலை செய்த ஒருவர் நம்பர் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த வண்டியில் பிறந்த ஒருத்தி தன் பிள்ளையை முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாள். அப்பா பேரைக் காப்பாற்றிவிட்டான், பிள்ளை என்றால் இவன் பிள்ளை என்று பேசிக்கொண்டார்கள். அண்ணன் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டு நின்றான். என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் அசையாமல் நின்றபோது அம்மா என்னைத் தாண்டிக்கொண்டு போனாள். கையில் ஆரத்தித் தட்டு, தட்டில் நாலு எலுமிச்சம்பழம், சக்கரத்துக்கு ஒன்றாக. பழைய வண்டி வருவதாக இருந்தால் எலுமிச்சம்பழம் எதற்கு? புது வண்டிக்குத்தான் வைப்போம்.

சமையலறையில் அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. வெளியே சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

"வண்டி எங்கண்ணே?"

"எந்த வண்டி?"

நான் அவன் இலையில் சோறு வைத்தேன். அவன் சோற்றைப் பிசைந்தபடி மெதுவாகச் சொன்னான். நம்பரை மாற்றப் பரிசோதனைக்கு ஏற்றிப் போனபோதே அடிப்பாகம் பாதி உதிர்ந்துவிட்டதாம். பட்டறைக்காரன் தலையிலடித்துக்கொண்டானாம். அங்கிருந்தே அண்ணன் அதைப் பழைய இரும்புக் கடையில் இறக்கிவிட்டானாம். அது நடந்து நாலு மாதம் ஆகிறது. எனக்குப் படம் வந்துகொண்டிருந்ததும் அந்த நாலு மாதம்தான். படமெல்லாம் எங்கிருந்து என்று கேட்டேன். இன்டர்நெட்டில் இருந்து எடுத்தானாம். நீ மனசு ஒடஞ்சிருவியேன்னுதான் என்றான். எனக்கு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அழுகையைவிட மோசமான சிரிப்பு.

"நம்பர் மட்டும் போதும்னு சொன்ன தவுக்கேகிட்டக் குடுத்திருந்தா, எனக்கு வண்டியாவது மிஞ்சியிருக்கும்லண்ணே."

"வெளியாளுகிட்டயா குடுப்பாங்க? அப்பா நம்பரு நம்ம வீட்லதானே இருக்கு லா. துரைகூட வேற காடியிலேருந்து மாத்துனதுதானே. நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?"

அவன் குரலில் வஞ்சகம் இல்லை, அதுதான் என்னை உலுக்கியது. உண்மையிலேயே தெரியாமல் கேட்டான். அப்பாவின் பெயர் நம்பரில் இருக்கிறது, நம்பர் மகனிடம் இருக்கிறது, இதில் தங்கச்சிக்கு என்ன குறை? கதவைத் திறந்து வடை விற்கிற யோசனையை அவனிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்றுகூட இருவரும் பேசியிருக்கிறோம், வலது பக்கம் வை, காற்று அடிக்காது என்று அவன்தான் சொன்னான். ரசம் ஊற்றச் சொன்னான். ஊற்றினேன்.

அவன் கோயிலுக்குப் போன பிறகு அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. ஆரம்பத்திலேருந்தே தெரியும் என்றாள். மேனேஜர் நோட்டீஸ் வந்த வாரமே அண்ணன் அவளிடம் பேசிவிட்டானாம். புதுக் காருக்கு நல்ல நம்பர் வேண்டும் என்று அவனுக்கு ரொம்ப நாள் ஆசையாம்.

"அப்பா எனக்குன்னு சொன்னப்ப நீ பக்கத்துலதானம்மா இருந்த. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ கையெழுத்துப் போட்டிருக்க மாட்ட. அவன் ஆம்பளப் புள்ளம்மா. நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்கறவன் அவன்தானே."

அந்த மாதங்களில் நான் கொட்டகையில் துரு தேய்த்துவிட்டு மண்ணெண்ணெய் வாடையோடு உள்ளே வரும்போது, கை கழுவ வெந்நீர் எடுத்து வைத்தது அம்மா. நோட்டை அவளுக்கு ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் காட்டியிருக்கிறேன். ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அண்ணன் தூரத்திலிருந்து ஏமாற்றினான். அம்மா ஒரே கூரைக்கு அடியில், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே ஏமாற்றினாள். இது என் வேலைக்குக் கொடுத்த வீடு, உன் மகனோடு போய் இரு என்று சொல்ல வாய்வரை வந்தது. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றாள். என் கை தானாகப் போய்த் தாங்கியது.

அண்ணன் அந்த வாரம் தங்கினான். செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு ஆஸ்பத்திரி நாள். வழக்கமாகப் பக்கத்து லயத்தில் ஒருவரிடம் முன்கூட்டியே கெஞ்சி அவருடைய வேனில் போவோம். இந்தத் தடவை அண்ணன் காரில். அம்மா முன்சீட்டில் ஏறிக்கொண்டு, வாம்மா, ஒங்கப்பா காடிதானே, ஏறு என்றாள். எனக்கு ஏறப் பிடிக்கவில்லை. ஆனால் எந்த மாத்திரை காலையில், எது சாப்பாட்டுக்குப் பிறகு, போன தடவை டாக்டர் என்ன சொன்னார் என்று அண்ணனுக்குத் தெரியாது. பின்சீட்டில் ஏறினேன். வழியெல்லாம் நம்பரைப் பார்த்துத் தெரிந்தவர்கள் கை தூக்கினார்கள். அண்ணனும் தூக்கினான். அம்மாவும் தூக்கினாள்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் கார் நிறுத்த இடம் தேடிப் போனான். நான் அம்மாவைப் பிடித்து நடத்திக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். பழைய அட்டை நிறைந்துவிட்டதால் புது அட்டை எழுத வேண்டும் என்று நர்ஸ் தாளை நீட்டினாள். அம்மாவின் பெயர், வயது, என்னென்ன வியாதி, எல்லாம் எனக்கு மனப்பாடம், எழுதிக்கொண்டே போனேன். அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற கட்டம் வந்தது. இத்தனை வருஷமாக அதில் என் பெயர்தான். எழுதப்போனபோது அம்மா என் கையைத் தொட்டாள்.

"இனிமே அண்ணன் பேரப் போடும்மா. காடி உள்ளவன்தானே சட்டுனு வர முடியும்."

அண்ணன் இருப்பது ஈப்போவில். மலை ஏறி வரக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகும். நான் அவளுக்கு அடுத்த அறையில் படுத்திருக்கிறேன். இதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், நர்ஸ் தாளுக்காகக் கையை நீட்டியபடி இருந்தாள். அண்ணன் பெயரை நானே எழுதினேன். பக்கத்தில் உறவு என்ற இடத்தில் மகன் என்று எழுதிக் கொடுத்தேன்.